காவல் முகாமில் மிஞ்சியவன்

பல்லாரட் தங்கவயல், ஆஸ்திரேலியா
ஜூன், 1852

என் ஹனோராவுக்கு மாலக்கி எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? உன் அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தங்கம் கிடைத்ததிலிருந்து எங்கள் காவல் முகாமில் ஆள் நிற்பதில்லை. எங்கள் மாதச் சம்பளத்தை இங்கே ஒரே காலையில் தோண்டி எடுக்கிறார்கள். நம்மூர் ஃபெலிமும் சீருடையைக் கழற்றிவிட்டு மண்வெட்டி தூக்கிவிட்டான்.

தங்கம் தோண்ட அரசு உரிமம் வாங்க வேண்டும்; செவ்வாயன்று அந்த உரிமச் சோதனைக்குப் போனோம். உரிமம் இல்லாமல் ஒரு குழிக்குள் நின்றான் ஃபெலிம்.

"வாடா மாலக்கி! அந்தப் பிச்சைக்காசுக்கு இன்னும் எத்தனை நாள்டா சலாம் போடுவே?"

சார்ஜெண்ட் சொன்னபடி நான்தான் அவனைக் கைதிகளோடு மரத்தில் சங்கிலியால் பிணைத்தேன். சிறை கட்டத் தச்சர்கள் இல்லை, அவர்களும் தங்கம் தேடப் போய்விட்டார்கள். மழையில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பூட்டைத் திறந்து அனுப்பிவிட்டேன்.

"உன்னை வேலைய விட்டுத் துரத்தணும்டா!" என்று சார்ஜெண்ட் கத்தினார். "துரத்திட்டா அப்புறம் இங்க யாரு இருக்கா, சொல்லு?"

இருவருமே சிரித்துவிட்டோம். மறுநாள் காலை அவருடைய கூடாரம் காலியாக இருந்தது.

இப்போது முகாமில் நான் ஒருவன்தான். நானும் போய்விடலாமென்று நேற்று மூட்டை கட்டினேன். கைதிகளைத் திறந்துவிட்டால் ஒருவனைக் குத்திக் கொன்றவனும் சேர்ந்தே போய்விடுவான். பூட்டியபடி விட்டுப் போனால் எல்லோரும் பட்டினியில் சாவார்கள். மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

நீ கவலைப்படாதே, மெல்போர்னிலிருந்து ஆள் வரும் என்கிறார்கள். கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு. பிரிஜிட் பேசுகிறாளா? அப்பா என்று சொல்லச் சொல்லிக்கொடு. மரத்தடியில் தண்ணீர் கேட்டுக் கத்துகிறார்கள், நான் போக வேண்டும்.

உன் மாலக்கி