வாலாட்டிக் குருவி வரவே இல்லை

மே 6, செவ்வாய்
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும்.

சிட்னி மேடையில் எங்கள் பழங்குடி மொழியில் பேச ஜோலீனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெரியம்மா மகள்; என் அறையில் அடுத்த கட்டில். நானூறு வார்த்தைகள் எழுதி வைத்திருப்பவள் நான். அவள் மொழி வகுப்புக்கு நோட்டே கொண்டுவருவதில்லை! வகுப்பெடுக்கும் டைசன் மாமா சொன்னார்: "நீ ஒப்பிக்கிற, பாப்பா. அவ பேசுறா."

மே 7
அவள் பல் தேய்க்கும் சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்
எழுதத்தான் வேண்டும்.

காலையில் பெரியம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "ஜோலீன் ஜன்னல்ல வாலாட்டி வந்து கொத்துச்சு பெரியம்மா. விரட்டினாலும் போகல" என்றேன். எந்தக் குருவியும் வரவில்லை.

பெரியம்மாவின் கை மாவிலேயே நின்றது. அந்தக் குருவி ஜன்னலைத் தட்டினால் சாவுச் செய்தி. யாருக்கு என்று தெரியும்வரை வீட்டில் ஒருவரும் ஊரைத் தாண்டுவதில்லை. தெரிந்துதான் சொன்னேன். நாளைக் காலை அவளுக்குச் சிட்னி பேருந்து.

"ஜோலீன், பையைப் பிரிச்சு வை. யாரும் எங்கயும் போகல."

அவளுக்குப் பதிலாக நானும் போக முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் உள்ளே கொஞ்சம் இனித்தது.

பெரியம்மா மாவுக் கையோடு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். இருபத்துமூன்று பேர் எடுத்தார்கள். ஜோலீனின் அப்பா மட்டும் எடுக்கவில்லை. லாரியில் வடக்கே போயிருக்கிறார் — அந்தச் சாலையில் சிக்னல் எப்போதுமே கிடைக்காது. இன்று யார் அப்படி நினைப்பார்கள்?

ஜோலீன் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்படியில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே அப்பா பேரை நான் சொல்லக் கூடாதாடி?"

செத்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

"பொய் ஜோ. குருவி வரல. நான்தான்—"

அவள் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா போனை என் கையில் வைத்தார். "இருபத்துமூணு பேரு. உன் வாயாலயே சொல்லு."

சொன்னேன். மோரீ சித்தி, "சாவ வச்சு விளையாடுவியா?" என்று கத்தினாள். கிழட்டு மாமா ஒருவர் மட்டும், "அடிப்பாவி, எந்தச் சட்டையில என்னைப் புதைக்கணும்னு இப்பத்தான் எடுத்து வச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 9
ஜோலீன் என்னைப் பார்க்காமலே பேருந்தில் ஏறினாள். மத்தியானம் அவள் அப்பா ஏதோ பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டார்.

மே 10, சனி
மேடையை போனில் பார்த்தோம். அவள் இரண்டு வார்த்தைகளைத் தப்பாகச் சொன்னாள். எண்ணினேன். கைதட்டல் நிற்கவே இல்லை. இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. தப்புகளை யாரிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா கதவருகில் வந்து, "போதும் எழுதுனது, படு" என்றார். இரண்டு நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு. விளக்கை அணைத்துவிட்டார்.