ஐபே மரத்தின் எழுத்து

டோர்ட்மண்ட்,
ஆடி 18

அன்பான அம்மாவுக்கு,

நான் சுகம். மூன்றாம் முறை மருந்து ஏற்றியபிறகு சாப்பாடு இறங்குகிறதா? உங்களுக்கு விரல்கள் விறைக்கிறது என்று தங்கச்சி ஆதிரை சொன்னாள். வேலி வெட்டும் மெசின் பிடித்து எனக்கும் அப்படித்தான்.

போன கிழமை ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஐபே என்ற மரத்தைக் கத்தரித்தோம். இலையெல்லாம் நஞ்சு. வெட்டியதைக் குப்பையில் கொட்டப் போனேன். கூட வேலை செய்யும் ஊவே கத்தினார்: "கொட்டாதையும்! அதிலயிருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவை." பிறகு விழுந்த இலைகளையும் கையால் பொறுக்கினேன்.

அந்தக் காலத்து வட ஐரோப்பியர் ரூன் என்ற எழுத்துகளை மரத்தில் செதுக்குவார்களாம். ஐபேக்கும் ஓர் எழுத்து உண்டு. ஒரு நேர்கோடு, மேலும் கீழும் கொளுக்கி. ஊவே அதை ஒரு குச்சியில் கீறித் தந்தார். அதற்கு இரண்டு அர்த்தமாம். ஒன்று, தாங்கி நிற்பது. ஆயிரம் வருடம் நிற்கிற மரமல்லவா. மற்றதை அவர் கல்லறைகளைக் காட்டிச் சொல்லத் தொடங்க, நான் மெசினை இயக்கிவிட்டேன்.

உங்கள் மருந்துப் போத்தலில் உள்ள பெயரைப் படமெடுத்து அனுப்பும்படி ஆதிரையிடம் சொல்லுங்கோ. இந்த மரத்து மருந்துதானா என்று பார்க்க வேண்டும். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
கீர்த்தனன்