படத்தின் கீழே விழுந்த கறுப்பு

என் ஸ்டெல்லா அண்ணிக்கு,

நீங்க போய் ஏழு மாசமாச்சு. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினது நம்ம முதலாளிதான். அதுல உங்க பேரைவிட அவர் ஸ்டூடியோ பேர் பெருசு. அடக்கத்துக்கு வந்த இடத்துல, "இந்தப் புள்ளைக்குத் தொழில் கத்துக்குடுத்ததே நான்தான்"னு ஃபாதர்கிட்டயே சொன்னார். கேமராவுக்கு எது முன்பக்கம் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும், அண்ணி?

லிந்துலை சரோஜா அக்கா குடும்பத்தை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, மகன் கத்தாருக்கு வேலைக்குப் போக ரெண்டு நாள் இருக்கும்போது, தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலைக்கு லீவு போட்டுட்டு எல்லாரையும் படம் எடுக்கக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மகளோட புள்ளைங்க ரெண்டும் முன்னால தரையில உட்கார்ந்துச்சு. நீங்க லைட்டைச் சரியா வச்சு, ஷட்டர் வேகத்தை நூற்றி இருபத்தஞ்சில் வச்சுட்டு, அக்காவோட சேலை மடிப்பைத் திருத்தப் போனீங்க. அதுக்குள்ள முதலாளி கேமராவைக் கையில் எடுத்து, முந்நூற்றி இருபதுக்குத் திருப்பினார்.

"ஸ்பீட் கூட்டினாத்தான் புள்ளைங்க ஆடினாலும் படம் தெளிவா வரும்."

"ஃப்ளாஷுக்கு அது ஒத்துவராது, முதலாளி"ன்னு மெதுவாத்தான் சொன்னீங்க. படத்தோட கீழ்ப்பக்கம் பட்டையாக் கறுத்து, புள்ளைங்க ரெண்டும் பாதி காணாமப் போயிருந்ததை ஸ்க்ரீன்லயும் காட்டினீங்க. அதுக்கு அவர், அந்தப் புள்ளைங்க காதுபடவே சொன்னார்: "தோட்டத்துப் புள்ளைங்க கறுப்புத்தானே. கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கிக்கலாம்."

கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்தது நான். வெளிச்சமே விழாத இடத்துல எதை வெளுப்பாக்குறது?

சரோஜா அக்கா படம் வாங்க வந்தப்போ மகன் ப்ளேன் ஏறியாச்சு. "லைட் வச்சது இவதான்"னு முதலாளி உங்களைக் கை காட்டினார். ஒவ்வொரு படத்துலயும் ஷட்டர் வேகம் பதிவாகி என் கண்ணுக்கு முன்னாலதான் இருந்துச்சு. நான் வாயைத் திறக்கல. அன்னைக்கே நீங்க வேலையை விட்டு நின்னுட்டீங்க. "தெரியாத வேலைக்கு ஏன் போனே"ன்னு அண்ணன் வீட்டுல ஏசினார். அப்பவும் நான் வாயைத் திறக்கல. முதலாளியை இகழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

போன வாரம் சரோஜா அக்கா மகன் கத்தார்லேருந்து லீவுல வந்திருந்தான். படம் எடுக்க நுவரெலியா ஸ்டூடியோவுக்குப் போவோம்னு அவன் சொன்னானாம். "கெடுத்த இடத்துலயே ஒழுங்கா எடுத்து வாங்கணும்"னு அக்கா இங்கேயே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. முதலாளி திரும்பவும் முந்நூற்றி இருபது. இத்தனை வருஷத்துல ஒரு எண்கூட அவர் மண்டையில ஏறல. நான் எழுந்து போய் கேமராவை வாங்கினேன்.

"அக்கா, இதுக்குள்ள ரெண்டு திரை இருக்கு. ஒண்ணு திறக்கும், மத்தது பின்னாலயே வந்து மூடும். ஃப்ளாஷ் எரியுறது கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல. வேகத்தை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினா, முதல் திரை முழுசா விலகுறதுக்குள்ள ரெண்டாவது வந்துடும். அது மறைச்ச இடம் கறுப்பாயிடும். அன்னைக்கு அண்ணி சரியாத்தான் வச்சாங்க. திருப்பினது முதலாளி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் வச்ச வேகத்துல ஒண்ணு, நீங்க வச்ச வேகத்துல ஒண்ணு, ரெண்டு படம் எடுத்துக் காட்டினேன். புள்ளைங்க ஒரு இடத்துல நிக்கல. ஆனாலும் ரெண்டாவது படத்துல ஒரு முடிகூட கலங்கல. அசைவை நிறுத்துறது ஃப்ளாஷ்தான், ஷட்டர் இல்லைன்னு நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க.

"கேமரா பழசு"ன்னார் முதலாளி. ரெண்டு படமும் ஒரே கேமராவுல, ஒரே நிமிஷத்துல எடுத்தது.

சரோஜா அக்கா அவரைப் பார்த்து, "கறுப்புன்னாலும் வெளிச்சம் விழுந்தா தெரியுறாங்கதானே, முதலாளி"ன்னாங்க. அவர் ப்ளேன்டீ குடிக்கப் போறேன்னு வெளியே போயிட்டார். திரும்பி வந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம்னு என்கிட்ட சொன்னார். அவர் இத்தனை நாள்ல சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தப்பு உங்க மேலன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு ரெண்டு பேரும் உங்க கல்லறைக்கு வருவோம். உங்க முன்னாலயே எல்லாத்தையும் சொல்லிடுறேன், அண்ணி. அவர் ஏசினா வாங்கிக்கிறேன். அது எனக்கு வரவேண்டிய ஏச்சு, நீங்க வாங்கிக்கிட்டுப் போயிட்டீங்க.

இப்பத்தான் வாய் திறந்த உங்க நாத்தனார்,
ரீட்டா