ஒரு நிமிடம் முழுசாக

நேற்று உன் மகள் வந்து உன் பின் வாட்சைக் கொடுத்துவிட்டுப் போனாள். நர்ஸ் சீருடையில் நெஞ்சுப் பக்கம் தலைகீழாகக் குத்திக்கொள்வாயே, அதுதான். ஸ்பிரிட் வாசம் இன்னும் போகவில்லையடி. முகர்ந்தவுடன் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நம் வார்டுக்கே போய்விட்டேன்.

நாடி பார்த்து முடித்த பிறகும் நோயாளியின் கையை நீ விடமாட்டாய். நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவாய். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு மாறிவிடும் இல்லையா. எனக்கு ஏது அந்தப் பொறுமை? எல்லாருக்கும் இருபது என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

"என்னடி, வார்டு மொத்தமும் ஒரே தாளத்துல மூச்சு விடுதா?" என்பாய். சிரித்து மழுப்புவேன்.

அப்புறம் அந்தக் கூடுவாஞ்சேரி மெக்கானிக். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நான் இருபது என்று எழுதிய பத்தாவது நிமிடம் நீ எண்ணினாய், முப்பத்தாறு. ஓடிவந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்துக் குழம்பினார். திடீரென்று ஏறியிருந்தால் ஒரு நோய், மெல்ல ஏறியிருந்தால் வேறு நோய், வைத்தியமும் வேறு. சொல்லிவிடாதே என்று உனக்குக் கண்ணைக் காட்டினேன்.

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு," என்றாய் காதோடு.

எண்ணாமல் எழுதினேன் என்று சொன்னேன். வார்டே பார்க்கத் திட்டு வாங்கினேன். மெல்ல ஏறியதுதான்; நுரையீரலில் சளி கட்டியிருந்தது. சரியான மருந்து போய், அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். நான்தான் உன்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. நீயோ தினமும் எனக்கும் சேர்த்தே சாப்பாடு கொண்டுவந்தாய். என்ன அற்பம்டி நான்.

போன மாதம் மேடவாக்கத்தில் உன் வீட்டில், இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்ட பிறகு, நீ கண் திறக்காமல் கிடந்தாய். உன் மகள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "கீழ்க்கட்டளையில எங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடட்டுமா ஆன்ட்டி?" என்றாள்.

உன் கையைப் பிடித்து எண்ணினேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போனது. அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத்தான் தோன்றியது.

"போகாதம்மா. அம்மா பக்கத்துல உட்காரு," என்றேன்.

உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் நீ போனாய், உன் கை அவள் மடியில் இருந்தது. அன்றைக்கு வார்டில் அந்த டாக்டரிடம் நீ என்னை உண்மையைச் சொல்ல வைத்திருக்காவிட்டால், அவளிடம் நான் "போயிட்டு வாம்மா" என்றுதான் சொல்லியிருப்பேன்.