பாவத்தைப் பார் என்று எழுதிக் கொடுத்தவள்

உன் பேச்சி நேற்று நெருள் வீட்டிலிருந்து வந்திருந்தாள். நீ போய் நேற்றோடு பதினாறு நாள். வந்தவள் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "சித்தி தலைமாட்டுல இருந்துச்சு பெரியம்மா. எழுத்து இந்தி எழுத்து, வாசிச்சா தமிழா இருக்கு. நீங்க எழுதுனதுன்னு சித்தி சொல்லுவா" என்றாள். பிரித்ததும் மக்கிய காகித வாசனையோடு மாத்திரைத் தூள் வாசனையும் மேலே வந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் கசப்பு மூக்கில் ஏறுகிறது. அடி, இதை ஏன்டி நீ இத்தனை நாள் வைத்திருந்தாய்? நான் என் கையால் எழுதியதிலேயே கிழித்துப் போட வேண்டியது இது ஒன்றுதான்.

செம்பூர் மருந்துக் கம்பெனியில் நான் வருகைப் பதிவு எழுதுகிற கிளார்க். நீ தலைவலி மாத்திரையைப் பொட்டலம் கட்டுகிற பிரிவு. அறுபதுகளின் நடுவில், இரண்டு பேருக்கும் முப்பதைத் தொடாத வயது. நமக்குள் முதல் பேச்சே சண்டைதான். ஐந்து நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மசியில் குறித்துவிட்டேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தாராவியில பஸ்ஸு வரலன்னா நான் பறந்தா வர முடியும்? காலி பீலி, சும்மாவே என் பேர்ல கோடு போடுதியே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாய். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வளர்ந்த மாட்டுங்காவில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டு நாள் உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் நீயே வந்தாய், கையில் ஒரு புத்தகத்தோடு. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கியது. அட்டையும் முதல் பக்கமும் போயிருந்தன. உள்ளே புத்தர் கண் மூடி உட்கார்ந்திருக்கும் படம்.

"இது தமிழுதானட்டி? எனக்குப் பேசத்தான் வரும். ஸ்கூல்ல மராட்டி படிச்சவ நான். நீ வாசிச்சுச் சொல்லு."

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டேன். திமிர்தான்.

"தலைக்குள்ள ஒரே எரச்சலாக் கெடக்கு. நாள் முழுக்கத் தலைவலி மாத்திரை கட்டுதேன், எனக்கு ஒரு மாத்திரையும் கேக்க மாட்டேங்கு. பக்கத்து சால் வரிசை வீடுங்கள்ல மராட்டிக்காரங்க இப்ப புத்தரைத்தான் கும்பிடுதாங்க. கண்ண மூடி உக்காந்துட்டு எந்திரிச்சு வரும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணுமே! எனக்கும் அப்படி உக்காரணும்."

அன்றிலிருந்து தினமும் இருபது நிமிஷம், காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நமக்குப் பள்ளிக்கூடம். புத்தகத்தின் முதல் பாதி மூச்சு, முதுகு, உட்காரும் விதம். பின் பாதி மனத்தைக் கவனிப்பது. மூச்சை நிறுத்து என்று நான் வாசித்ததும் நீ நிறுத்திவிட்டாய். அடுத்த வரிக்கு நான் வருவதற்குள் உன் முகம் கத்திரிக்காயாகிவிட்டது. மேற்பார்வையாளர் தண்ணீரோடு ஓடி வந்தார். "விடுன்னு நீ சொல்லுத வரைக்கும் விடக்கூடாதுன்னு நெனச்சேன்" என்றாய். சொன்னதை அப்படியே செய்கிறவள் நீ. அதை அன்றைக்கே நான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் விடியற்காலையில் உட்காரும்போது வாசித்துச் சொல்ல ஆளில்லை என்றாய். அதனால்தான் இந்த நோட்டு. மராட்டிக்கும் இந்திக்கும் ஒரே எழுத்துத்தானே, தமிழை இந்தி எழுத்தில் எழுதித் தருகிறேன் என்று நான்தான் பெருமையாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அதில் உள்ள வம்பு தெரிந்தது. தமிழில் நமக்கு ஒரு 'ப'தான். இந்தியில் அதற்கு நாலு எழுத்து. எதற்கு எதைப் போடுவது என்று எழுதுகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாளே புத்தருக்குப் பஸ்ஸில் வரும் ப-வைப் போடாமல் பல்லில் வரும் ப-வைப் போட்டுவிட்டேன். நீ வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "இது சயான்ல டாக்ஸி ஓட்டுற சர்தார்ஜி, புத்தர் புத்தர்னு தன் மகனைக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு!" நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். அதற்கப்புறமாவது கவனமாக இருந்திருக்கலாம்.

பின் பாதியின் தொடக்கத்தில் இருந்தது அந்த வரி. 'உட்கார்ந்தபின் எழும் பாவத்தைப் பார். அதை விரட்டாதே, அதோடு வாதாடாதே. எங்கிருந்து வந்தாய் என்று மட்டும் கேள்.' ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். பாவம் என்றால் பாவம், செய்த பாவம். பல்லில் வரும் ப-வைப் போட்டு, கீழே கோடும் இழுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் நீ மாறிவிட்டாய். குழாயடியில் சண்டை இல்லை, என்னோடு வாய்க்கு வாய் பேச்சு இல்லை. அப்புறம் சோறும் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாய். எனக்குப் பயமாகிவிட்டது. "என்னடி பண்றது உனக்கு? டாக்டர்ட்ட போலாமா?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் பேச்சியைப் பற்றிச் சொன்னாய்.

உன் புருஷனின் மூத்த தாரத்துப் பெண். நீ கல்யாணமாகி வரும்போது அதற்கு ஐந்து வயது. ராத்திரியெல்லாம் அம்மாவைக் கேட்டு அழும், பாயை நனைக்கும், நீ கொடுத்தால் சாப்பிடாது. ஒரே அறை, நீயும் சின்னப்பெண். அவ இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று சொல்லிவிட்டாய். அவர் அதை நாங்குநேரிப் பக்கம் தன் அண்ணன் வீட்டில் கொண்டு விட்டுவிட்டார். இரண்டு வருஷமாகிவிட்டது.

"வண்டி கெளம்புதப்போ என் சேலையப் பிடிச்சிருந்தாட்டி. என்னைப் பிடிக்காதவ, என் சேலையத்தான் பிடிச்சா. நான் வெரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தேன். அது எனக்கு மறந்தே போச்சு, சத்தியமா மறந்து போச்சு. நீ எழுதுன மாதிரி உக்காந்து பாத்தேன். வெரட்டல. எங்கருந்து வாரேன்னு கேட்டேன். தெனமும் நாங்குநேரின்னு சொல்லுது."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்ததும் நீ போய்ப் பொட்டலம் கட்டினாய்.

மூன்று வாரத்தில் லீவு எழுதிக் கொடுத்தாய், பத்து நாள். பெண்ணைக் கூட்டி வரப் போகிறேன் என்று புருஷனிடம் சொன்னாயாம். மனுஷர் அப்போதே எழுந்து போய் டிக்கெட்டோடு திரும்பி வந்தாராம். உனக்குப் பயந்துகொண்டு இரண்டு வருஷமாகப் பெண்ணின் பேரையே எடுக்காதவர்.

நீ கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ திரும்பி வருவதற்குள் நாலு பக்கம் எழுதி வைக்கலாமென்று புத்தகத்தை எடுத்தேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கமாக எழுதி வந்தவள், மேற்கொண்டு புரட்டியே பார்த்ததில்லை. சில பக்கம் தள்ளி அச்சில் இருந்தது. 'பாவம் என்று இந்நூலில் சொல்வது மனத்தில் எழும் உணர்ச்சியை. தீவினை என்று கொள்ளக்கூடாது.' நான் போட்டிருக்க வேண்டியது பாரதத்தில் வரும் ப, என் தாயே! கோபமோ ஆசையோ சலிப்போ, எது எழுந்தாலும் சும்மா பார் என்று சொன்ன புத்தகம். உன்னை ஒரு குற்றவாளியாகத் தினமும் கூண்டில் ஏற்றியது புத்தகமில்லை, நான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வி.டி. ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். மடியில் ஒரு புதுப் பாவாடை சட்டை, அளவு தெரியாமல் பெரிதாக வாங்கியது.

"நேத்து ஒண்ணு படிச்சேன்டி" என்று ஆரம்பித்தேன்.

"வந்து கேக்கேன். ஏட்டி, நீ எழுதித் தரலன்னா சாவுற வரைக்கும் நான் இதப் பாத்திருக்க மாட்டேன். படிச்சவ படிச்சவதான்" என்றாய்.

வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். சொன்னால் இவள் இறங்கிவிட்டால்? அந்தப் பெண்ணின் கதி என்ன? வண்டி நகரும் வரை கையாட்டினேன்.

சரி, அன்றைக்குச் சொல்லவில்லை. நீ பேச்சியோடு வந்த பிறகு சொல்லியிருக்கலாமே. "மீதியை எப்ப எழுதித் தருவ?" என்று கேட்டாய். "அவ்வளவுதான்டி, புத்தகம் முடிஞ்சு போச்சு" என்றேன். நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. எழுதினால் அந்தப் பக்கமும் வரும். அதனால் முடித்துவிட்டேன்.

பேச்சி லேசில் படியவில்லை. ஆறு மாதம் உன் கையால் சோறு வாங்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி மாகிம் வரை போய்விட்டாள். நீ பொறுத்தாய். கடைசி வரை அவள் உன்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள், அதையும் பொறுத்தாய். அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று. உன் கடைசிக் காலமெல்லாம் அவள் வீட்டில்தான். ஆனால் நீ அந்த உட்காருதலை நிறுத்தவே இல்லை. "இப்ப என்னடி பாக்க இருக்கு?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "இன்னும் இருக்குட்டி" என்பாய்.

இதற்கிடையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்தேன். யோகம், பௌத்தம், மௌனம் என்று எது கிடைத்தாலும் வாங்கினேன். என் செம்பூர் வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். நீ வந்தால் அதன் முன்னால் நின்று, "இம்புட்டும் படிச்சிட்டியா? எனக்கு ஒரு நோட்டே முடியல" என்பாய். நான் சிரித்துக்கொண்டு காபி போடப் போவேன். அந்த அட்டையில்லாத புத்தகத்தின் கடைசி அத்தியாயம் எனக்கு மனப்பாடம். எல்லோர் மேலும் வைக்கும் இரக்கத்தை முதலில் உன் மேல் வை என்று தொடங்கும். உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் உன்னிடமிருந்து ஒளித்தேன்.

நேற்றுப் பேச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்க சரியா எழுதிருந்தா நான் நாங்குநேரியிலயே கெடந்திருப்பேன் பெரியம்மா" என்றாள். எனக்கு ஒரு மூச்சு வந்தது. உடனே அவளிடமிருந்து அடுத்த பேச்சும் வந்தது. "ஆனா சித்தி தெனமும் காலையில உக்காந்து அழுவா. போதும், எந்திரின்னு நானும் எத்தனையோ சொல்லிருக்கேன். கேக்க மாட்டா. பாவம்."

இன்று விடிந்ததும், உனக்கு எழுதிக் கொடுத்தபடியே உட்கார்ந்தேன். வந்ததை விரட்டவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் மறைத்தேன் என்று முப்பத்தைந்து வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். நீ என்னைப் படித்தவள் என்று சொன்னாய். அந்தப் பேர் போய்விடுமே என்று மறைத்தேன். வேறு ஒன்றுமில்லை. அதற்காக உன்னை ஆயுசு முழுக்க அழவிட்டேன்.

மன்னித்துக்கொள் என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம், கேட்கத்தான் செய்கிறேன். அப்புறமும் நான் எழுந்திருக்கவில்லை. விடியலில் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேச்சி சொன்ன மாதிரியே, நம் ஜனங்கள் வாய்க்கு வாய் சொல்கிற மாதிரியே, நானும் வாய்விட்டுச் சொன்னேன். பாவம்டி நீ. இனி தினமும் காலையில் நான் பார்க்கப்போவது உன்னைத்தான்.