குதிரை மட்டும்

ஒக்டோபர் 12, ஞாயிறு

நான் வரைந்த கௌபாய் ஓவியத்துக்கு மாடலாக மனைவியின் தம்பி அன்ரன் மூன்று ஞாயிறு சோபாவின் கைப்பிடியில் குதிரையேறி உட்கார்ந்திருந்தான். லண்டன் ஹவுன்ஸ்லோவில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் வந்தவன். படத்தை வாங்குகிறவர் குதிரை மட்டும் போதும் என்றார். அவனை வான நீலத்தால் மூடிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

இன்று கண்காட்சிக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். படத்தின் முன் வெகுநேரம் நின்றான்.

“குதிரை நல்ல வடிவு, அத்தான்.”

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு படத்தின் அடியைக் காட்டினான். புல்லில் விழுந்த நிழலை அழிக்க மறந்திருக்கிறேன். அதில் தொப்பியோடு ஓர் ஆள் குதிரைமேல் இருந்தான்.

“என்ர நிழல் இன்னும் கிடக்குது. அதையும் அழிச்சுவிடுங்கோ, அத்தான்.”