பார்க்காமல் எழுதிய எண்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நம் வீட்டில் இருப்பதாக. முட்டிவலி குறைந்ததா? அப்பா இன்னும் புதுவயல் மில்லுக்குச் சைக்கிளில்தான் போகிறாரா?

சூரத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதீர்கள், நல்லபடியாக முடிந்தது. மருந்துக் கிடங்கில் தடுப்பூசிப் பெட்டியின் குளிர்நிலையை ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதுவது என் வேலை. எட்டு மணிக்குத்தான் பூசை. முந்தின நாளே ‘4 டிகிரி’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனேன். கோவிலில், அந்தப் பொய்யோடு நற்கருணை நன்மை வாங்க எழுந்திருக்க முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நாலுதான்.

கூட வேலை பார்க்கும் பள்ளத்தூர் நாச்சியம்மை அக்கா சிரித்தார்.

“நாலுன்னு எழுதுன, நாலுதான இருக்கு? வாய மூடிக்கிட்டு இரு ஆத்தா. வேலை போனா அப்புறம் காரைக்குடியிலதான் பூசை பாக்கணும்.”

எண் சரிதான். ஆனால் நான் பார்க்கவில்லை. நம் விசுவாசத்தில் உண்மை என்பது சரியான விடை அல்ல, ஆண்டவர் என்னும் ஒருவர். அவர் முகத்தைப் பார்க்க முடிய வேண்டும். எண்ணை அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதி மேலாளரிடம் நீட்டினேன். திட்டினார். எச்சரிக்கைக் கடிதம் தந்தார். பிறகு ஞாயிறு மட்டும் என் நேரத்தைப் பத்துக்கு மாற்றினார். அவருக்கும் ஆண்டவருக்கும் நன்றி.

அண்ணன் வரும்போது தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். இங்கே இந்தியில் பாடுகிறார்கள், நான் வாயை மட்டும் அசைக்கிறேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதப்போனேன். பார்த்துவிட்டே எழுதுகிறேன்: எல்லா நாளும் இல்லை. இன்று இருக்கிறேன்.

உங்கள் மகள்,
அமலி